‘மாதுங்கா வீடு’ குழு: பரணில் இருந்த 46 நாட்குறிப்புகள்

சனிக்கிழமை

முலுந்து அக்கா, மாலை 6:05
எல்லோரும் இதைப் பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். பம்பாய் மாதுங்கா வீட்டைக் காலி செய்ய இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கேட்டிருக்கிறார். இன்று பரணை ஒழித்தபோது, அப்பாவின் தகரப் பெட்டிக்குப் பின்னால், பழைய நூல்புடவையில் கட்டிய மூன்று மூட்டைகள் இருந்தன. மூன்றிலும் அம்மாவின் நாட்குறிப்புகள். 1965 முதல் 2010 வரை, ஓர் ஆண்டும் விடாமல் 46. ஜனவரி மாதம் அப்பாவுக்கு யாராவது கொடுக்கும் டைரியை அம்மா வாங்கி வைத்துக்கொள்வாள் என்பது நமக்குத் தெரியும். பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதத்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கணக்கு இருக்கிறது. ஆனால் கணக்குக்குக் கீழே, பெரும்பாலான பக்கங்களில் இரண்டு வரி, மூன்று வரி எழுதியிருக்கிறாள். மதியம் இரண்டு மணிக்குப் படிக்க உட்கார்ந்தவள் இப்போதுதான் எழுந்தேன்.

செம்பூர் தம்பி, 6:11
திங்கட்கிழமை பழைய காகிதம் எடுக்கும் ரத்திக்காரரை வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் பிரித்து வைத்துவிடுங்கள். என் வீட்டில் மூன்று மூட்டைக்கு இடமில்லை.

முலுந்து அக்கா, 6:12
ரத்திக்காரருக்கு இதில் ஒரு தாள்கூடப் போகாது.

செம்பூர் தம்பி, 6:14
எல்லாவற்றையும் போடச் சொல்லவில்லை. நாங்கள் பிறந்த ஆண்டுகள், கல்யாணங்கள் நடந்த ஆண்டுகள், அப்பா ஓய்வுபெற்ற ஆண்டு ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றில் பால் கணக்கைத் தவிர என்ன இருக்கும்?

முலுந்து அக்கா, 6:26
நீ பிறந்த 1971ஆம் ஆண்டையே எடுத்துக்கொள். நீ பிறந்த நாளில் அம்மா எதுவும் எழுதவில்லை. அதன்பின் பதினொரு பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. பன்னிரண்டாம் நாள், ‘பால் 3 பாட்டில்’ என்ற ஒரே வரி. அதற்கு முந்தைய மாதங்களைப் புரட்டினால், ஆரே பால் பூத்தில் நாள்தோறும் இரண்டு பாட்டில்தான் வாங்கியிருக்கிறாள். நீ இந்த வீட்டுக்கு வந்துசேர்ந்தாய் என்பதற்கு அவள் எழுதிவைத்த சாட்சி அந்த மூன்றாவது பாட்டில்தான். முந்தைய பக்கங்களை நிறுத்துப் போட்டுவிட்டால், அந்த மூன்று என்ற எண்ணை யாரால் படிக்க முடியும்? 1990இல் சண்முகானந்தா அரங்கம் தீப்பிடித்த செய்தியும் இப்படித்தான் இருக்கிறது. ‘சபா எரிந்துவிட்டதாம். வாழைப்பூ வாங்கியிருந்தேன். ஆய மனம் வரவில்லை.’ மறுநாளும் வாழைப்பூ ஆயவில்லை என்பதை மறுநாள் பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். 1998இல் அரங்கத்தை மறுபடி திறந்தபோது, ‘எட்டு வருஷம்’ என்று மட்டும் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறாள்.

தில்லி மன்னி, 6:29
படிக்கும்போதே கண் கலங்குகிறது.

தில்லி அண்ணா, 6:33
ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மா நம் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்ததை நாம் படிக்கலாமா?

முலுந்து அக்கா, 6:37
நானும் மூட்டையைப் பிரிப்பதற்கு முன் அரைமணி நேரம் அதைத்தான் யோசித்தேன். கண் மங்கி எழுதுவதை நிறுத்திய பிறகும் அவள் பல ஆண்டுகள் நம்மோடு இருந்தாள். வேண்டாம் என்று நினைத்திருந்தால் வெந்நீர் அடுப்பில் போட்டிருப்பாள். வசம்பும் வேப்பிலையும் வைத்துக் கட்டியிருக்கிறாள். ஆனாலும் நீ கேட்டது சரியான கேள்விதான். என்னிடம் முழுப் பதில் இல்லை.

டோம்பிவிலி அத்தை, 6:40
என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள்?

செம்பூர் தம்பி, 6:41
அத்தை, இப்போது அது வேண்டாம்.

டோம்பிவிலி அத்தை, 6:41
எனக்கு வயது எண்பத்தொன்று. இப்போது வேண்டாமென்றால் எப்போது?

பெங்களூர்ப் பேத்தி, 6:44
அம்மா, எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துவிடலாம். 46 டைரி, டைரிக்கு 365 பக்கம் என்றால் 16,790 பக்கங்கள். விரித்து வைத்து இரண்டிரண்டு பக்கமாக எடுத்தால் எட்டாயிரத்து நானூறு படங்கள் வரும். ஒரு நாளைக்கு முந்நூறு எடுத்தால் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் பாட்டியின் கையெழுத்து எனக்குப் பாதி புரியவில்லை. ‘லை’, ‘னை’, ‘ணா’ எல்லாம் வேறு மாதிரி இருக்கின்றன.

முலுந்து அக்கா, 6:52
அது பழைய எழுத்து, கண்ணே. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்த பிறகுதான் நீ படித்த வடிவம் பாடநூல்களுக்கு வந்தது. அதற்கு முன் ‘லை’, ‘னை’ போன்றவற்றை யானைத் துதிக்கை போலச் சுழித்து எழுதுவார்கள். பாட்டி 2010 வரை அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு மாலை உட்கார்ந்தால் சொல்லித்தருகிறேன். பத்துப் பதினைந்து எழுத்துகள்தான். படமெடுப்பதற்கு முன் இதைக் கவனி. 1980 வரை பெரும்பாலும் மைப்பேனாவில் எழுதியிருக்கிறாள். ஈரக்கை பட்டால் மை கலைந்துவிடும். கிழிந்த பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டாதே. நாளடைவில் அது பழுத்துத் தாளையும் கெடுக்கும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் பம்பாய் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நூல்புடவையில் காற்றாடக் கட்டியதால்தான் இவை இத்தனை ஆண்டு தாங்கியிருக்கின்றன. 1993 மட்டும் ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது.

தில்லி மன்னி, 6:55
மாகாளிக்கிழங்கு ஊறுகாயின் அளவு எங்காவது எழுதியிருக்கிறாளா? அவளிடம் கேட்டபோதெல்லாம் கண்ணளவு என்று சொல்லிவிட்டாள்.

முலுந்து அக்கா, 6:57
1976இல் கிழங்கு வாங்கிய நாள் இருக்கிறது. அளவு இல்லை.

தில்லி அண்ணா, 7:03
1974ஐப் பார்த்தாயா? மே மாதம்.

செம்பூர் தம்பி, 7:04
அண்ணா, ஐம்பது ஆண்டாகிறது.

முலுந்து அக்கா, 7:15
பார்த்தேன். கேட்டுவிட்டபடியால், உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். ‘மே 8. இன்று முதல் ரயில்வே ஸ்டிரைக். இவர் பட்டறைக்குப் போகவில்லை. பால் 1 பாட்டில்.’ ‘மே 16. வளையல் இரண்டும் அடகு.’ ‘மே 20. நாத்தனார் வந்தாள். 50 ரூபாய் கொடுத்தாள். குழந்தைகளுக்கு முறுக்கு.’ 27ஆம் தேதி வேலைநிறுத்தம் முடிந்தது. அன்று, ‘இவர் சவரம் செய்துகொண்டார்’ என்று எழுதியிருக்கிறாள். பிறகு, ‘ஜூன் 3. நாத்தனார் 50 ரூபாயைத் திருப்பிக் கேட்டாள். கொடுத்தேன்.’ வளையலைப் பற்றி அந்த ஆண்டில் வேறெங்கும் இல்லை. யாரைப் பற்றியும் ஒரு கடுஞ்சொல்கூட இல்லை.

டோம்பிவிலி அத்தை, 7:24
கேட்டது உண்மை. உங்கள் அத்திம்பேரும் அதே பட்டறைதான். எங்களுக்கும் இருபது நாள் சம்பளம் வரவில்லை. சில்லறையாகச் சேர்த்ததில் ஐம்பதை எடுத்து அவருக்குத் தெரியாமல் மன்னியிடம் கொடுத்தேன். ஜூன் மாதம் வீட்டுக்காரர் வாடகைக்கு வாசலில் வந்து நின்றார். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் பணத்தை மட்டும் கேட்டேன். மன்னி ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். அதை வளையலை விற்ற பணம் என்று நீங்களெல்லாம் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும்.

தில்லி அண்ணா, 7:31
நான்தான் அப்படிச் சொன்னேன், அத்தை. எட்டு வயதில் வாசலில் நின்று பார்த்ததை வைத்துக்கொண்டு சொன்னேன். என் கல்யாணத்தில்கூட உங்களிடம் சரியாகப் பேசவில்லை.

டோம்பிவிலி அத்தை, 7:33
தெரியும். அந்த டைரியை எனக்கு ஒரு வாரம் கொடுங்கள். முறுக்கு கொண்டுபோனதை எழுதியிருக்கிறாளே, அதை அவள் கையெழுத்தில் பார்க்க வேண்டும்.

செம்பூர் தம்பி, 7:36
2005 இருக்கிறதா? ஜூலை 26.

முலுந்து அக்கா, 7:48
இருக்கிறது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது என்பதை மறுநாள் செய்தியில் கேட்டுக் கீழே எழுதிக்கொண்டிருக்கிறாள். அதற்கு மேலே இருப்பதை அப்படியே தருகிறேன். ‘மாலை 7. அந்தேரியிலிருந்து கிளம்பிவிட்டதாகப் போன். இரவு 9.30. வரவில்லை. 11. வரவில்லை. விளக்கு இல்லை. 1.15. மெழுகுவர்த்தி முடிந்தது. 3. வாசலில் யாரோ. அவன் இல்லை. 4.30. ரசம் வைத்தேன். 6.40. வந்துவிட்டான். காலெல்லாம் ஊறியிருக்கிறது. கோபமாக இருக்கிறான். தூங்கட்டும்.’

செம்பூர் தம்பி, 8:02
இரவு முழுவதும் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் உள்ளே வந்தால் என்ன செய்வாய் என்று, வந்ததும் வராததுமாகக் கத்தினேன். ரசத்தைத் தொடவில்லை.

தில்லி மன்னி, 8:03
உன்னைத் தூங்க விட்டாளே, அது போதும்.

பெங்களூர்ப் பேத்தி, 8:10
சில பக்கங்களின் மூலையில் சிவப்புப் புள்ளி இருக்கிறதே, அது என்ன?

டோம்பிவிலி அத்தை, 8:11
எண்ணெய்க் குளியல் நாளாக இருக்கும்.

தில்லி மன்னி, 8:12
அமாவாசைக்கு வைத்திருப்பாள்.

முலுந்து அக்கா, 8:19
நாலைந்து ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். கிழமையோடும் ஒத்துவரவில்லை, திதியோடும் ஒத்துவரவில்லை. அண்ணா தில்லியிலிருந்து கடிதம் போட்ட நாட்களோ என்று நினைத்தேன். ஆனால் அண்ணா வீட்டிலேயே இருந்த 1969இலும் புள்ளிகள் இருக்கின்றன. 1967 டிசம்பர் 11இல் ஒன்று இருக்கிறது. கொய்னா பூகம்பத்தில் விடியற்காலை பாத்திரங்கள் ஆடியதை எலி என்று நினைத்து எழுந்ததாக எழுதியிருக்கிறாள். மறுநாள் எதுவுமே நடக்கவில்லை, அதிலும் புள்ளி இருக்கிறது.

தில்லி அண்ணா, 8:24
நான் வெள்ளிக்கிழமை ராஜதானியில் வரப் பார்க்கிறேன். அதுவரை மூட்டைகள் முலுந்திலேயே இருக்கட்டும். படமெடுக்கலாம். ஆனால் குழுவில் போட வேண்டாம். யார் எதைப் படிப்பது என்பதை நேரில் பேசிக்கொள்வோம்.

பெங்களூர்ப் பேத்தி, 8:25
அப்படியென்றால் படங்களை யாருடைய கணினியில் வைப்பது?

முலுந்து அக்கா, 8:27
அதையும் நேரில் பேசலாம். 1974ஐ அத்தைக்கு நாளை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அண்ணா, உனக்குச் சம்மதம்தானே?

தில்லி அண்ணா, 8:34
நான் வந்த பிறகு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேனே.

டோம்பிவிலி அத்தை, 8:35
யார் கொண்டுவந்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

செம்பூர் தம்பி, 8:41
ரத்திக்காரரிடம் செய்தித்தாள்களை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அக்கா, நாளைக் காலையில் டெம்போவோடு நானும் வருகிறேன். என் வீட்டுப் புத்தக அலமாரியில் மேல்தட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். 46ம் கொள்ளுமா என்று தெரியவில்லை.