மறு: மந்த வாயுவா, வினையிலி வாயுவா?

அன்புடையீர், வணக்கம்.

எதனோடும் எளிதில் வினைபுரியாத வாயுவை (inert gas) தமிழில் எப்படி அழைப்பது என்ற இவ்விழையில், "ஆர்கான் என்றால் கிரேக்கத்தில் சோம்பேறி, மந்த வாயு என்பதே போதும்" என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு இதில் உடன்பாடில்லை. 'வினையிலி வாயு' என்பதே பொருந்தும்.

ஆர்கான் என்ற பெயருக்கு மூலமான கிரேக்கப் பெயரடை அர்கோஸ். அதன் பழைய வடிவம் அஎர்கோஸ். எர்கோன் என்றால் வேலை, செயல். முன்னால் நிற்கும் அகரம் எதிர்மறை. ஆக, முதற்பொருள் 'வேலையில்லாத' என்பதே. மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் சந்தைவெளியில் நிற்பவர்களை இச்சொல்தான் குறிக்கிறது. ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்கிறார்கள். அவர்களா சோம்பேறிகள்?

இன்றைய கிரேக்கத்தில் மெதுவாக இயங்கும் கணினியும் அர்கோஸ்தான். 'அர்கா' என்றால் மெதுவாக, நேரங்கழித்து. பொது விடுமுறை நாள் 'அர்கீயா'. கச்சா எண்ணெய்க்கு 'அர்கோ பெட்ரேலியோ' என்று பெயர். அதன்மேல் இன்னும் வேலை நடக்கவில்லை என்ற பழம்பொருள் அதில் அப்படியே இருக்கிறது. (ஹோமரின் காவியத்தில் வரும் ஒடிசியசின் நாய் ஆர்கோஸை இதோடு சேர்க்க வேண்டாம். அது வெண்மையையும் விரைவையும் குறிக்கும் வேறு சொல்.)

1894இல் பிரிட்டன் அறிவியலாளர்கள் ரேலியும் ராம்சேயும் அறிவித்த வாயு எதனோடும் சேர மறுத்தது. அதனால்தான் இப்பெயரடையின் அஃறிணை வடிவமான ஆர்கான் அதற்குப் பெயராயிற்று. மந்தம் என்பது வேகத்தைச் சொல்வது. இரும்பு துருப்பிடிப்பது மந்தமான வினை. சாதாரண நிலைகளில் ஆர்கானிடம் வினையே இல்லை. வினையூக்கி, வினைபடுபொருள் என்று மாணவர்கள் ஏற்கெனவே படிக்கிறார்கள். அந்த வரிசையில் 'வினையிலி' இயல்பாக உட்காரும். கிரேக்க அகரத்தின் வேலையை நம் 'இலி' செய்துவிடுகிறது. ஊழ்வினை நினைவுக்கு வருமே என்ற தயக்கம் வேதியியல் வகுப்பில் எழாது.

ஆனால் இப்பெயரை ஹீலியம், நியான், ஆர்கான், செனான் முதலியவை அடங்கிய தனிமக் குடும்பம் முழுவதற்கும் வைக்கக் கூடாது. 1962இல் வேதியியலாளர் நீல் பார்ட்லெட் செனானை வினைபுரிய வைத்துவிட்டார். குடும்பத்துக்கு 'உயரிய வாயு' (noble gas) என்ற பெயரே இருக்கட்டும். வினையிலி என்பது ஒரு வாயு செய்யும் பணிக்கான பெயர். சிப்ஸ் பாக்கெட்டுக்குள் எண்ணெய் சிக்கடிக்காமல் காக்கும் நைட்ரஜன் அங்கே வினையிலி. அதே நைட்ரஜன் பழுக்கக் காய்ந்த டைட்டானியத்தோடு சேர்ந்து உலோகத்தை நொறுங்கும்படி ஆக்கிவிடும். ஆகவே பட்டறையில் டைட்டானியத்தைப் பற்றவைக்க (வெல்டிங் செய்ய) ஆர்கான் சிலிண்டர் வேண்டும்.

இதிலிருந்து 'வினையிலிச் சூழல்', 'வினையிலிக் காப்பு' ஆகியவற்றையும் ஆக்கலாம் என்று முன்மொழிகிறேன். வாயுவா, வளிமமா என்பதைத் தனி இழையில் பேசுவோம். இங்கே நான் பாடநூல் வழக்கையே பின்பற்றியிருக்கிறேன்.

அன்புடன்.