மராண்ட்ஸ் 7-ஆ, ரெஃபரன்ஸ் 6-ஆ? லெவல் பார்க்காமல் தீர்ப்பு சொல்லாதீர்கள்

டெசிபல்_தாசன்:
"மராண்ட்ஸ் 7 பாட ஆரம்பித்தால் ஆடியோ ரிசர்ச் ரெஃபரன்ஸ் 6 எழுந்து போய்விட வேண்டியதுதான்" என்று பழைய_வால்வு நேற்று எழுதியிருக்கிறார். இரண்டும் வால்வு ப்ரீஆம்ப்கள், அதாவது பவர் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் வைக்கும் பெட்டிகள். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஒரே கேள்வி: மாற்றி மாற்றிக் கேட்டபோது மீட்டர் வைத்து லெவலை, அதாவது இரண்டின் ஒலி அளவை, சமன் செய்தீர்களா? ரெஃபரன்ஸ் 6-இன் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) பாலன்ஸ்ட் இணைப்பில் 12 டெசிபல், சாதாரண ஆர்சிஏ இணைப்பில் 6. மராண்ட்ஸில் அதைவிட நிறைய அதிகம். ஒரு டெசிபல் கூடினாலே பாஸ் (தாழ்ந்த ஒலி) நிறைவாகத் தோன்றும்.

பழைய_வால்வு:
தம்பி, 1958-இல் வந்த பெட்டி அது. உள்ளே ஆறு 12ஏஎக்ஸ்7 வால்வுகள், என்னுடையதில் ஆறும் ஜெர்மனியின் டெலிஃபுங்கன் தயாரிப்பு. வில் நரம்பில் உரசுவது வரை கேட்கிறது, குரலில் சதை இருக்கிறது. ரெஃபரன்ஸ் 6 சுத்தமாக இருக்கும், உயிர் இருக்காது. நீங்கள் பிறக்கும் முன்பே கேட்கத் தொடங்கிய காது இது. மீட்டர் எதற்கு?

டெசிபல்_தாசன்:
அப்படியென்றால் சமன் செய்யவில்லை.

கேதோடு_ஃபாலோயர்:
ரெஃபரன்ஸ் 6-இல் இருக்கும் 6ஹெச்30 வால்வை உயிரில்லாதது என்று சொல்வது அநியாயம். 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கம் 100, இதற்குச் சுமார் 15தான். ஆனால் இதன் உள் எதிர்ப்பு மிகக் குறைவு, நீளமான கேபிளையும் அலட்டாமல் ஓட்டும். அப்புறம், உங்கள் மராண்ட்ஸில் கப்பாசிட்டர், செலினியம் ரெக்டிஃபையர் என்று வயதானால் கெட்டுப்போகும் பாகங்களை எல்லாம் மாற்றியாயிற்றா? மாற்றியிருந்தால் நீங்கள் கேட்பது 1958-இன் ஒலி இல்லை. மாற்றாவிட்டால் கசியும் கப்பாசிட்டரின் ஒலி.

பழைய_வால்வு:
நீங்கள் பேசக் கூடாது சார். டெலிஃபுங்கன் என்று சொல்லி எனக்கு விற்ற ஜோடியில், கண்ணாடியின் அடியில் அசலுக்கு அடையாளமான வைர வடிவ முத்திரையே இல்லை. முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கேதோடு_ஃபாலோயர்:
படம் அனுப்பினேன், பார்த்துத்தானே வாங்கினீர்கள்? முத்திரை இருக்கிறது என்று எங்கே சொன்னேன்?

இசைத்தட்டு_ரசிகை:
ரெஃபரன்ஸ் 6-இல் ஃபோனோ ஸ்டேஜே (இசைத்தட்டு ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) கிடையாது. மராண்ட்ஸில் உண்டு. இசைத்தட்டு வைத்துத்தான் ஒப்பிட்டீர்கள் என்றால், அந்தப் பக்கம் எந்த ஃபோனோ பெட்டியைச் சேர்த்தீர்கள் ஐயா? குறை அந்தப் பெட்டியில்கூட இருக்கலாம்.

பழைய_வால்வு:
நல்ல பெட்டிதான். என் நண்பருடையது.

டெசிபல்_தாசன்:
ஃபோனோவை விடுங்கள், முத்திரையை விடுங்கள். 1,000 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஸ்பீக்கர் முனையில் வோல்ட் மீட்டர் வைத்து, 0.1 டெசிபலுக்குள் கொண்டுவந்தீர்களா? அதற்குப் பதில் வரும் வரை குரல், சதை, உயிர் எதையும் நான் ஏற்க மாட்டேன்.

பழைய_வால்வு:
ஏற்கச் சொல்லி யார் கெஞ்சினார்கள்? வீட்டுக்கு வந்து கேளுங்கள்.

டெசிபல்_தாசன்:
வருகிறேன். மீட்டரோடு வருகிறேன்.

பழைய_வால்வு:
மீட்டர் வாசலோடு நிற்கட்டும். கேதோடு சார், அந்த ஜோடிக்கான பணம்?