மகளுக்கு எம்.எஸ்சி வேளாண்மை: இங்கேயா, ஜெர்மனியா? நிலத்தை ஈடு வைக்கலாமா?

கோரையாற்றுக்காரர்:
வணக்கம். ஊர் மன்னார்குடிப் பக்கம். மகள் பி.எஸ்சி வேளாண்மை இறுதியாண்டு, ஓஜிபிஏ (மொத்தத் தரப்புள்ளிச் சராசரி) 10-க்கு 7.9. அடுத்து உழவியலில் எம்.எஸ்சி படிக்க ஆசைப்படுகிறாள். ஐசிஏஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். ஜெர்மனியில் கோட்டிங்கன், ஹோஹன்ஹைம் என்ற இரண்டு பல்கலைக்கழகங்களையும் பார்த்து வைத்திருக்கிறாள். திருச்சியில் ஒரு ஏஜென்ட், "அங்கே ஃபீஸே கிடையாது, 20 லட்சம் கடன் போட்டால் போதும், பார்ட் டைம் வேலை பார்த்தே அடைத்துவிடலாம்" என்கிறார். எங்களுக்கு 3 ஏக்கர் நஞ்சை, அண்ணன் தம்பி மூவர் பெயரில் கூட்டுப் பட்டா. வீடு மடத்து மனையில். பணம் எப்படியும் புரட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். அவளுக்கு எது நல்லது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சம்பாதாளடி:
ஐயா, முதலில் மகளிடம் ஒன்று கேளுங்கள்: எம்.எஸ்சி முடித்து எந்த வேலைக்குப் போக நினைக்கிறாள்?

டிஎன்பிஎஸ்சி வேளாண்மை அலுவலர் பணி என்றால் பி.எஸ்சி வேளாண்மையே தகுதி. வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வும் அப்படித்தான். அந்த இரண்டுக்கும் ஜெர்மன் எம்.எஸ்சியால் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

ஆராய்ச்சி என்றால் என் கருத்து உறுதியானது: முதுகலை இங்கே, பிஎச்டி வெளியே. ஜெர்மனியில் முதுகலை மாணவர் பெரும்பாலும் தன் செலவில்தான் படிக்க வேண்டும். பிஎச்டி மாணவருக்கோ பெரும்பாலும் வேலை ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் தருவார்கள். வேளாண் துறைகளில் அங்குள்ள அரசு ஊதிய நிலை 13-இன் முழுச் சம்பளத்தில் 65 சதவீதம் என்பது வழக்கமாகக் காணப்படும் விகிதம். அதற்குக் கேட்கும் தகுதி, ஆய்வேட்டோடு கூடிய ஒரு நல்ல எம்.எஸ்சி. நம்மூர் வேளாண் எம்.எஸ்சியில் வயல் பரிசோதனை போட்டு ஆய்வேடு எழுதியாக வேண்டும், ஆகவே அந்தத் தகுதி இங்கேயே கிடைத்துவிடும். நெல்லில்தான் ஆர்வம் என்றால் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஐசிஏஆர் தேர்வில் உதவித்தொகைக்குரிய ரேங்க் எடுத்தால் மாதம் 12,640 ரூபாய். 24 மாதத்துக்கு 3,03,360 வருகிறது. அந்த ரேங்க் எல்லோருக்கும் கிடைக்காது. 120 கேள்வி, 2 மணி நேரம், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. நன்றாகப் படித்த பிள்ளைகள் சறுக்குவது இந்தக் கழிவில்தான். இன்னொரு விஷயம், விண்ணப்பத்தில் எந்தப் பாடப்பிரிவைக் குறிக்கிறாரோ அந்தப் பிரிவுக்குத்தான் கலந்தாய்வு. உழவியல் என்று போட்டுவிட்டுப் பின்னால் பூச்சியியலுக்கு மாற முடியாது.

குடமுருட்டி:
மேலே சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் மகள் ஐரோப்பாவிலேயே வேலைக்கு நிற்க விரும்பினால் கணக்கு மாறும். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் அங்கே தங்க அனுமதி உண்டு. கூடவே ஜெர்மன் மொழி வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடத்தினாலும் விதை நிறுவனமோ பண்ணையோ ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரை எடுப்பது அரிது. பி1 என்னும் இடைநிலை மொழித் தேர்ச்சிக்குக் கீழே இருந்தால் அந்த 18 மாதமும் ஓட்டல் வேலையிலேயே கரைந்துவிடும்.

ஏஜென்ட் சொன்னதில் திருத்த வேண்டியவை: கோட்டிங்கனில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும். ஹோஹன்ஹைம் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இருக்கிறது; அங்கே நம் மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு தொகை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) 11,904 யூரோ காட்ட வேண்டும். யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே ஏறக்குறைய 12 லட்சம். இது கட்டணம் இல்லை, மாதம் 992 யூரோ வீதம் மகளுக்கே திரும்பி வரும் சாப்பாட்டு, வாடகைப் பணம். ஆனால் இது ஓராண்டுக்குத்தான், படிப்போ இரண்டாண்டு. பார்ட் டைம் வேலை ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வரை செய்யலாம். அதில் வாடகையை ஓட்டலாம், கடனை அடைக்க முடியாது.

இப்போது முக்கியமான இடம். 7.9 என்பதை ஜெர்மன்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 10-இலிருந்து 7.9-ஐக் கழித்து, அதை 10-க்கும் தேர்ச்சி எண்ணுக்கும் (தேர்ச்சி பெற வேண்டிய குறைந்தபட்சப் புள்ளி) உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுவார்கள். தேர்ச்சி எண் 5 என்றால் 2.26 வரும். 6 என்றால் 2.58. அங்கே எண் சிறியதாக இருந்தால்தான் நல்லது, 2.5-இல் கோடு போடும் படிப்புகளில் முதலாவது உள்ளே, இரண்டாவது வெளியே. ஆகவே மதிப்பெண் சான்றின் பின்பக்கத்தில் தேர்ச்சிக்கான குறைந்தபட்சம் எவ்வளவு என்று அச்சாகியிருக்கிறது என்பதை இன்றைக்கே பாருங்கள்.

2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் சான்று (நம் கல்விச் சான்றுகளை ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தருவது) இல்லாமல் மாணவர் விசா கிடையாது. கட்டணம் 18,000 ரூபாய், வாரக்கணக்கில் ஆகும். சேர்க்கைக் கடிதம் வரட்டும் என்று காத்திருந்தால் அக்டோபர் வகுப்பு தவறிவிடும்.

ஏஜென்ட் "இலவச சேவை" என்றால் எந்தக் கல்லூரிக்கு அனுப்புகிறார் என்று பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் கமிஷன் தருவதில்லை, தனியார் கல்லூரிகள் தரும். ஆகவே "கோட்டிங்கன் கஷ்டம், இது சுலபம்" என்று பேச்சு ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடங்கல்சிட்டா:
கடன் பக்கம் நான் சொல்கிறேன். இங்கேதான் டெல்டாக்காரர்கள் ஏமாந்து போகிறார்கள்.

பொதுத்துறை வங்கிகளில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். நஞ்சை நிலத்தைக் கல்விக் கடனுக்கு ஈடாக வாங்கத் தயங்குவார்கள். காரணம், வங்கிகள் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை விற்க வழி செய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் 31-ஆம் பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்கு அளிக்கிறது. கடன் திரும்பி வராவிட்டால் அந்தச் சட்டப்படி வங்கி அதை ஏலம் விட முடியாது. உங்கள் நிலத்தில் கூட்டுப் பட்டா வேறு. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து பட்டா உட்பிரிவு ஆகாமல் வங்கி வக்கீல் கையெழுத்துப் போட மாட்டார். மடத்து மனையில் கட்டடம் உங்களுடையது, அடிமனை மடத்தினுடையது. மனைக்குத் தாய்ப் பத்திரம் உங்களிடம் இல்லாததால் அதையும் எடுக்க மாட்டார்கள். கும்பகோணம், மாயவரம், திருவாரூர் எங்கும் இதே கதைதான்.

மிஞ்சுவது ஈடில்லாமல் தரும் தனியார் நிதி நிறுவனங்கள், வட்டி கூடுதல். சுமாராக 10.5 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். முதலாண்டு 10 லட்சம், இரண்டாமாண்டு 10 லட்சம் எடுத்தால், படிப்பும் அதன்பின் ஓராண்டு அவகாசமும் முடியும்போது வட்டி மட்டும் 5.25 லட்சம் சேர்ந்திருக்கும். 25.25 லட்சத்தைப் பத்தாண்டில் கட்ட மாதத் தவணை சுமார் 34,000. மகள் ஊர் திரும்பி வந்தால் முதல் சில ஆண்டுச் சம்பளத்தை இதுவே விழுங்கும். இதற்காகக் கைமாற்று, கந்து என்று போகாதீர்கள் ஐயா. நிலத்தையும் விற்காதீர்கள்.

வட்டி மானியமுள்ள பிஎம் வித்யாலட்சுமி திட்டம் உள்நாட்டுக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து ஆதிதிராவிடர் அல்லது நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பம் என்றால் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உண்டு. 3 ஏக்கர் பட்டாவை வைத்து இரண்டாவது பிரிவில் கேட்க முடியாது. இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கோரையாற்றுக்காரர்:
எல்லோருக்கும் நன்றி. மகளும் கூடவே உட்கார்ந்து படித்தாள். ஐசிஏஆர் தேர்வை முதலில் எழுதுகிறேன் என்கிறாள், பிஎச்டிக்கு வெளியே போகலாமாம். மதிப்பெண் சான்றில் தேர்ச்சி எண்ணைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை, இப்போதே எடுத்து வைக்கலாமா?

குடமுருட்டி:
எடுத்துவிடுங்கள், பிஎச்டிக்கும் அதுதான் வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம்: கல்லூரிச் சான்றில் இனிஷியலோடு பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடச் சொல்வார்கள். இரண்டும் வேறு ஆள் மாதிரி தெரிந்தால் ஏபிஎஸ்ஸிலும் சேர்க்கையிலும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். மகளின் பத்தாம் வகுப்புச் சான்றில் உங்கள் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதே கூட்டலில் பாஸ்போர்ட்டிலும் போடுங்கள். "இரண்டு பெயரும் ஒருவரே" என்று நோட்டரி கையெழுத்தோடு ஒரு உறுதிமொழிப் பத்திரமும் எடுத்து வையுங்கள். பட்டச் சான்று அச்சாகும் முன் கல்லூரி அலுவலகத்தில் பெயர் சரிபார்க்கக் கூப்பிடுவார்கள், அன்றைக்கு மகள் நேரில் போய் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டு வரட்டும்.