கேரளத்தில் தங்கை, தமிழகத்தில் கணவர்: குழந்தைக்கு ஜீவனாம்சம் எங்கே கேட்பது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): நான்கு வயது மகளுடன் என் தங்கை எங்கள் வீட்டில் இருக்கிறாள். பொள்ளாச்சியில் வேலை பார்க்கும் கணவர் குழந்தையின் பள்ளிக் கட்டணத்தைக்கூடத் தருவதில்லை. வழக்குக்காகப் பொள்ளாச்சிக்குத்தான் அலைய வேண்டுமா? வக்கீல் ஃபீஸ் கொடுக்கவும் வழியில்லை.

பதில்: வேண்டாம் ஐயா. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125ஆம் பிரிவுக்குப் பதிலாக, 2024 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம்; அதன் 145ஆம் பிரிவின்படி மனைவி வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம் என்பதால், பாலக்காடு குடும்ப நீதிமன்றமே போதும். பெண்களுக்கு வருமான வரம்பின்றி அரசு செலவில் வழக்கறிஞர் கிடைப்பார். அதற்கு 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணில் அழையுங்கள். பிறப்புச் சான்றிதழையும் பள்ளி ரசீதுகளையும் எடுத்து வையுங்கள்.

மற்றொரு பதில்: இடைக்கால ஜீவனாம்சத்தையும் அவசியம் கேளுங்கள். உத்தரவு வந்த பின் அவர் பணம் தராவிட்டால், உறவினர்களின் சமாதானப் பேச்சை நம்பிக் காத்திராமல், நிலுவை சேர்ந்த ஓராண்டுக்குள் வாரண்ட் கோருங்கள். அவர் இருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டும் அந்த உத்தரவை நிறைவேற்றலாம்.