'கிளிக்' என்ற ஒலிச்சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது?

உட்லண்ட்ஸ் ஆசிரியை:
உயர்நிலை மாணவர்கள் கட்டுரைகளில் 'இணைப்பைக் கிளிக் செய்தேன்' என்றும் 'அப்போதுதான் எனக்குக் கிளிக் ஆனது' என்றும் எழுதுகிறார்கள். முதலாவதைச் 'சொடுக்கினேன்' என்றும், இரண்டாவதைச் 'சட்டென விளங்கியது' என்றும் திருத்துகிறேன். தாழ்ப்பாள் விழுவது போன்ற சிற்றோசைக்கு ஆங்கிலேயர் வைத்த சொல் அது. அவர்கள் மொழியில் அந்த ஓசையே பெயராகவும் வினையாகவும் நின்று, புரிதல், மனம் ஒத்துப்போதல், வெற்றி பெறுதல் எனப் பொருள் விரிந்தது. அவ்வளவையும் ஒரே சொல்லில் சுமந்துவர நமக்கு என்ன தேவை?

தேக்கா வாசகர்:
மன்னிக்க வேண்டும் ஆசிரியை, எனக்கு இதில் உடன்பாடில்லை. சொடுக்குவது சாட்டைக்கும் விரலுக்கும் உரியது. கணினிச் சுட்டியின் பொத்தானை நாம் அழுத்துகிறோமே தவிரச் சொடுக்குவதில்லை. 1968இல் டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் காட்டிய அந்தக் கருவி உலகெங்கும் பரவியபோது, செயலின் பெயரும் உடன் பரவியது. போர்ச்சுகீசியரிடமிருந்து சாவியையும் அலமாரியையும் எடுத்துக்கொண்ட மொழி இந்த ஒன்றுக்குக் கதவடைக்க வேண்டியதில்லை.

தோ பாயோ தமிழன்:
ஓசையின் பக்கமிருந்தும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் இச்சொல் நாவொலியையும் குறிக்கும். தென்னாப்பிரிக்காவின் கோசா, சூலு மொழிகளில் அவ்வொலிகள் மெய்யெழுத்துகளாகவே இயங்குகின்றன. இரக்கப்படும்போது நம் பாட்டிமார் எழுப்பும் ஒலியும் அவ்வகையே, ஆனால் நாம் அதை 'உச்சுக்கொட்டுதல்' என்கிறோம். அதைக் 'கிளிக் செய்தார்' என்று யாரேனும் எழுதினால் தேக்கா அண்ணனே ஏற்கமாட்டார்.

உட்லண்ட்ஸ் ஆசிரியை:
நான் சொல்ல வந்ததும் அதுதான். சலசலத்தல், முணுமுணுத்தல் என ஓசையிலிருந்து வினை பிறக்கும் வழியும், சட்டென, பளிச்சென, படீரென என்று 'என' சேர்த்துக் குறிப்பை உணர்த்தும் வழியும் நம்மிடம் உள்ளன. மாணவர் 'கிளிக் ஆனது' என்று எழுதும்போது இவ்வழிகள் அவருக்குப் பழகாமலே போகின்றன என்பதே என் கவலை. சொடக்குப் போடும்போது விரலசைவும் சிற்றோசையும் சேர்ந்தே வருவதால், சுட்டிக்கும் அச்சொல் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

தேக்கா வாசகர்:
புரிதலுக்குச் 'சட்டென', 'பளிச்சென' போதும் என்பதை முழுமனத்துடன் ஏற்கிறேன். சுட்டியைப் பொறுத்தவரை என் கருத்து மாறவில்லை. கைப்பேசித் திரையில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே 'தட்டு' என்கிறோம், ஏனெனில் விரல் அங்கே உண்மையிலேயே தட்டுகிறது. கணினிப் பொத்தானுக்கும் அப்படிச் செயலைப் பார்த்து 'அழுத்து' என்று எழுதச் சொன்னால் நான் 'கிளிக்'கைக் கைவிடுவேன். 'சொடுக்கு' என்று மட்டும் எழுதமாட்டேன்.