சீ.ஆர்.பி. கூடிய றிப்போட்: கொழும்பில் அடிக்கடி காணும் குழப்பங்கள்

ஆய்வுகூடத்திலிருந்து, வெள்ளவத்தை

"சீ.ஆர்.பி. 14 எண்டு வந்திருக்கு, பயப்பட வேணுமா?" இதைக் கேட்காத நாளில்லை. சீ.ஆர்.பி. என்பது உடம்பில் அழற்சி (தொற்று, காயம் போன்றவற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை) இருக்கும்போது இரத்தத்தில் கூடும் ஒரு புரதம். முதலில் அலகைப் பாருங்கோ. லீற்றருக்கு 14 மி.கி. வேறு, டெசிலீற்றருக்கு 14 மி.கி. வேறு, பின்னது பத்து மடங்கு. அடுத்தது, அந்தக் கிழமை தடிமனோ பல்வலியோ காயமோ இருந்ததா? இன்டர்லியூக்கின்-6 என்ற அழற்சிச் சமிக்ஞைப் பொருள் தூண்டுவதால்தான் ஈரல் இந்தப் புரதத்தைச் சுரக்கிறது. தூண்டல் நின்றதும் சுமார் 19 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அது பாதியாகும். ஆகவே லீற்றருக்கு 10 மி.கிராமுக்கு மேல் வந்தால், உடம்பு தேறி இரண்டு கிழமைக்குப் பிறகு திரும்பச் செய்து பார்க்க வேணும். அப்பவும் இறங்காவிட்டால் நாட்பட்ட அழற்சி எங்கே என்று தேடலாம். அழற்சியைக் காட்டும் மற்றொரு இரத்தப் பரிசோதனையான ஈ.எஸ்.ஆர். மெதுவாகத்தான் இறங்கும், இரத்தச்சோகை, கர்ப்பம், வயது எல்லாமே அதைக் கூட்டும்.

பொது வைத்தியர், தெஹிவளை

அதே தாளில் பெரிட்டினும் (உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் புரதம்) இருந்தால் இன்னும் கவனம் வேணும். இன்டர்லியூக்கின்-6 ஈரலில் ஹெப்சிடின் என்ற ஹோர்மோனையும் கூட்டுகிறது. ஹெப்சிடின் குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். மக்ரோபேஜ் எனும் விழுங்கும் வெண்கலங்களுக்குள் இருக்கும் இரும்பையும் வெளியே விடாது. பெரிட்டினோ அழற்சியாலேயே உயரும். ஹீமோகுளோபின் 9.5, பெரிட்டின் 60, சீ.ஆர்.பி. 25 என்று வரும் பெண்ணிடம் "இரும்பு போதும்" என்று சொல்லி அனுப்புவது பிழை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டலின்படி, ஆரோக்கியமான பெரியவருக்கு இரும்புக் குறைபாட்டின் எல்லை லீற்றருக்கு 15 மைக்குரோகிராம். அழற்சி இருந்தால் 70. இரும்புக் குளிசை போட்டும் ஹீமோகுளோபின் ஏறாததற்கு இந்த அடைப்பும் ஒரு காரணம். அழற்சியின் மூலத்தைத் தேடும்போது பல் முரசைப் பார்க்க மறக்காதீங்கோ. இடுப்பையும் அளவுங்கோ: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் வயிற்றுக் கொழுப்பும் ஓயாமல் அழற்சிச் சமிக்ஞை அனுப்பும்.

மருந்தாளர், கொட்டாஞ்சேனை

சிக்குன்குனியாவுக்குப் பிறகு மூட்டுவலி மாதக்கணக்கில் நீளும்போது, சீட்டில்லாமல் டைக்ளோபினாக் என்ற வலிமருந்தைக் கேட்டு வருகிறார்கள். காய்ச்சல் நாட்களில் டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை அது கூடவே கூடாது, இரத்தக்கசிவு ஆபத்து. பனடோல் மட்டும் போடுங்கோ. பெரியவருக்கு 500 மி.கி. குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை; எடை 50 கிலோவுக்குக் குறைவென்றால் அதிலும் குறைவு.

பிறகும்கூட டைக்ளோபினாக் வலியைக் கூட்டும் புரோஸ்டாகிளான்டின் என்ற பொருளைத்தான் குறைக்கும். மூட்டில் தங்கிவிட்ட மக்ரோபேஜும் லிம்போசைட் எனும் வெண்கலமும் தங்கள் அழற்சி வேலையைத் தொடரும். மூன்று மாதம் தாண்டியும் காலை விறைப்பு அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் வாதநோய் கிளினிக்குக்குப் போக வேணும். பிரஷருக்கு லோசார்டானும் நீர் போகும் குளிசையும் எடுப்பவர் டைக்ளோபினாக்கையும் சேர்த்தால் சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையும், அது வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறும். பிரஷர் மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டு வாங்கோ.