பழைய விக்டோரியா கால (19-ஆம் நூற்றாண்டு) உடையை உள்ளே புரட்டிப் பார்த்தபோது கண்ணில் நின்ற ஒரு தையல்: பகிருங்கள்

இழைஎண்ணி:
ஊதாப்பட்டு பாடிஸ், அதாவது இடுப்புவரை இறுகப் பிடிக்கும் மேலுடை. இடது பக்கத் தையல் அக்குளிலிருந்து இடுப்புவரை பிரிந்து கிடந்தது, பட்டு கிழியவே இல்லை. வலப்பக்கம் உறுதி. புரட்டியதும் புரிந்தது. வலது, மேல்நூலும் பாபின் நூலும் சேர்ந்த பூட்டுத் தையல், இருபுறமும் ஒரே மாதிரி. இடது, ஒற்றை நூல் சங்கிலித் தையல், அடியில் வளையம் வளையமாக. 1857-ல் காப்புரிமை பெற்ற வில்காக்ஸ் கிப்ஸ் மிஷின் போடுவது இந்த வகைதான். முடிகிற முனை அவிழ்ந்தால் ஒரே இழுப்பில் மொத்தமும் ஓடிவிடும். இன்னும் கண்ணுக்குள் நிற்பது வேறு: இடப்பக்க விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே, வெளியே தெரியும்படி, காலி ஊசித்துளை வரிசை ஒன்று. துளைக்கும் விளிம்புக்கும் நடுவிலுள்ள பட்டை மட்டும் வெளுக்காத அடர் ஊதா. உள்ளே மறைந்திருந்த துணியைப் பின்னாளில் யாரோ தளர்த்தி வெளியே விட்டிருக்கிறார்கள். மிஷின் தையல் என்பதால் 1870-கள் என்று வைக்கிறேன்.

கிராஸ்பீஸ்:
மிஷினை வைத்து ஆண்டு சொல்லாதீர்கள். சிங்கர் காப்புரிமையே 1851. 1860-களிலேயே நீளத் தையல் பலவும் மிஷினில் போய்விட்டது; அதே சமயம் கொக்கி, எம்மிங், ஓரம் சுற்றுவது எல்லாம் நூற்றாண்டு முடியும்வரை பெரும்பாலும் கையால்தான். தோள்தையல் எங்கே விழுகிறது? 1850, 60-களில் அது தோள்மேட்டில் இல்லை, முதுகுப் பக்கம் சரிந்திருக்கும். கைக்குழியில் கயிறு வைத்த மெல்லிய பைப்பிங் ஓடும், அதற்குத் துணி கிராஸாக, அதாவது இழைக்குக் குறுக்காகச் சாய்த்து வெட்டியது. அதோடு கூடவே பாவாடை இருந்தால் இடுப்போரத்தைப் பாருங்கள். சம இடைவெளியில் இரண்டு மூன்று வரிசைத் துளைகள் இருந்தால், கிரினோலின் (பாவாடையைக் கூடாரம்போல் விரித்துப் பிடிக்கும் வளையக்கூடு) காலத்தில் நெருக்கிச் சுருக்கிய பாவாடையைப் பிரித்து, பின்னால் தூக்கிய பஸில் பாவாடையாக வெட்டியிருக்கிறார்கள். துணிக்கு ஒரு வயது, தையலுக்கு இன்னொரு வயது.

கொக்கிவளையம்:
எனக்கு பாடிஸின் உள்ளே இருக்கும் இடுப்புப் பட்டைதான். ஒரு காட்சிக்கூடத்தில் பாடிஸைப் பொம்மையில் மாட்டி முன்பொத்தான்களை முதலில் போட்டார்கள். மூன்றாவது பொத்தான் ஏறும்போதே பொத்தான்துளை ஓரத்தில் பட்டு பிளந்தது. உள்ளே அந்தப் பட்டை, ஒரு கெட்டி ரிப்பன், மாட்டாமல் தொங்கிக்கொண்டே இருந்தது! அது முதுகுத் தையல்களில் மட்டும் குறுக்குத் தையலால் பிடித்திருக்கும், முன்னால் தளர்வாக விட்டிருக்கும். அதன் கொக்கியை முதலில் மாட்டினால் இழுவை இடுப்பில் நின்றுவிடும், பாடிஸ் மேலே ஏறாது, பொத்தானுக்கு மூடுகிற வேலை மட்டுமே. தையல்காரரின் பெயர் அச்சிட்டிருப்பதும் பெரும்பாலும் அந்த ரிப்பனில்தான்.

பழம்பட்டு:
இழைஎண்ணி, பிரிந்த தையலைத் திரும்பத் தைத்துவிடாதீர்கள். நான் பார்த்தது ஒரு கறுப்புப் பட்டு, மடிப்புக்கு மடிப்பு கீறல், அவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இழைமேல் இயற்கையாக இருக்கும் பசையை நீக்கும்போது பட்டு ஏறக்குறைய கால்பங்கு எடை இழக்கும். அதை ஈடுகட்ட வெள்ளீய உப்பு ஏற்றினார்கள். அந்தப் பட்டு நாளடைவில் தானே நொறுங்கும், ஊசி குத்தினால் அந்தத் துளையிலிருந்தே கிழியும். ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள், மேசையில் அமிலமில்லாத் தாள் விரித்துக் கிடத்துங்கள். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் காலித்துளையும் அழுந்திய மடிப்பும் எழுந்து தெரியும். வெளித்துணியும் பருத்தி லைனிங்கும் துண்டு துண்டாக முதலிலேயே இணைத்து ஒரே துணியாகத் தைத்தவை, அதனால் லைனிங்கைத் தூக்கிப் பார்க்க முயலாதீர்கள், வராது. அளவுக்குத் துணி டேப், இரும்பு டேப் வேண்டாம். ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று ஒவ்வோர் இணைப்பிலும் தனித்தனியாக எண்ணுங்கள். எண்ணிக்கை சட்டென மாறும் இடத்தில் வேறு கை புகுந்திருக்கலாம். பாடிஸை விறைப்பாக நிறுத்த உள்ளே வைக்கும் பட்டையின் உறையில் துருக்கறை இருந்தால் உள்ளே எஃகு. திமிங்கலப் பலீன் (அதன் வாயிலுள்ள வளையும் தகடு) துருப்பிடிக்காது, ஆனால் பூச்சி அரிக்கும். பளீரென்ற பச்சையாக இருந்தால் நைட்ரைல் கையுறை போடாமல் தொடவே வேண்டாம், சாயத்தில் ஆர்சனிக் நஞ்சு இருக்கலாம்.

இழைஎண்ணி:
தோள்தையல் முதுகுப் பக்கம்தான் விழுகிறது, கைக்குழியில் பைப்பிங்கும் இருக்கிறது. கிராஸ்பீஸ் சொன்னபடி 1860-கள் என்று மாற்றிவிட்டேன். இடப்பக்கத்துச் சங்கிலித் தையல் மட்டும் பிந்தியது.